ஏழாவது பங்கு

எழுபத்தொன்றாம் நம்பர் ஊர்
கொரண்டைன் கரை, கயானா
30 ஜூன் 1985

தம்பி இந்தாஸ்,

அஸ்ஸலாமு அலைக்கும். இதைப் படகுக்காரன் சுக்ரீம் கையில் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் ஜார்ஜ்டவுன் போய், பரமாரிபோ போய், அங்கிருந்து நிக்கேரிக்கு வர ஒரு மாதம் ஆகும். ஆற்றைக் கடந்தால் நீ.

ஒன்பது மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நோன்புப் பெருநாளும் போய்விட்டது. இங்கே கோதுமை மாவுக்கு அரசாங்கம் போட்ட தடை இன்னும் இருக்கிறது, அதனால் சேமியாவும் இல்லை. பாலில் அரிசியைப் போட்டுக் காய்ச்சினேன். பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டேன். பிறகு ஒன்றை உள்ளே வைத்தேன்.

போன ஹஜ்ஜுப் பெருநாளில் நடந்ததை மறந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுத வரவில்லை. ஏழு பேர் சேர்ந்து அல்லாவுக்காக அறுத்துக் குர்பானி கொடுத்த மாடு. பங்கு வைப்பதற்கு முன்பே நீ பின்னங்கால் ஒன்றைச் சாக்கில் கட்டி வேலிப் பக்கம் வைத்திருந்தாய். நான் பார்த்தேன். சாக்கை இழுத்துக்கொண்டு வந்து, "நீ வந்தது குர்பானிக்கு இல்லடா, கறிக்கு" என்றேன். ஏழில் ஒருவன் கறிக்காகச் சேர்ந்தாலும் ஏழு பேருடைய குர்பானியும் கூடாது, செல்லாமல் போய்விடும். இந்தச் சட்டத்தை நான் உண்டாக்கவில்லை.

ஆனால் மற்றவர்கள் எதிரில் சொல்லியிருக்க வேண்டாம். அதை ஒத்துக்கொள்கிறேன்.

பதில் போடு. கை ஒடிந்துவிடாது.

கம்ரூன்


நியூ நிக்கேரி, சுரினாம்
14 ஜூலை 1985

கம்ரூன் அக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நலம்.

நெல் ஆலையில் வேலை. களத்தில் நெல்லைக் கிளறிவிடுவது, மூட்டை அடுக்குவது. ஆலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் படுக்கை. கூட இருப்பவர் வகிமின். ஜாவாக்காரர், அறுபது வயது. அவருடைய ஜனங்கள் மேற்கே பார்த்துத் தொழுகிறார்கள். ஜாவாவிலிருந்து பார்த்தால் மக்கா மேற்கு, இங்கிருந்து கிழக்கு. கப்பலேறி இங்கே வந்து தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் திசையை மாற்றிக்கொள்ளவில்லை.

முதல் நாள் அவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, மக்காவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற?" என்றார். "நீங்கதான் பெரியவரே காட்டுறீங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உலகம் உருண்டைதான, போய்ச் சேந்துருவோம். உனக்கு வழி கொஞ்சம் கிட்ட" என்றார். தினமும் முதுகும் முதுகுமாக நின்று தொழுகிறோம்.

உங்கள் கடிதத்தைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். மற்றவர்கள் எதிரில் சொன்னதற்காக வருத்தப்படுகிறீர்கள். சொன்னதற்காக இல்லை. அப்படித்தானே?

சேமியா இரண்டு பொட்டலம் சுக்ரீமிடம் கொடுத்திருக்கிறேன். சுங்கக்காரர்கள் விட்டால் உங்களுக்கு.

இந்தாஸ்


எழுபத்தொன்றாம் நம்பர் ஊர்
4 ஆகஸ்ட் 1985

இந்தாஸ்,

சேமியா ஒரு பொட்டலம்தான் வந்தது. இன்னொன்று ஆற்றில் விழுந்துவிட்டது என்கிறான் சுக்ரீம். "விழுந்ததை யாரு காய்ச்சிக் குடிச்சா?" என்று கேட்டேன். "மீனுங்கதான் அக்கா" என்கிறான். அவன் சட்டையில் ஏலக்காய் வாசனை.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், அப்படித்தான். நான் பார்த்ததைச் சொன்னேன். பார்க்கவில்லை என்று இப்போது எப்படி எழுதுவது?

இந்த வருஷம் என் நெற்றிச்சுட்டிக் காளை. இரண்டு வயது முடிந்து நாலு மாதம் ஆகிறது. கொம்பில் காதில் ஒரு குறை கிடையாது. ஆறு பங்குக்கு ஆள் இருக்கிறது. நான், பக்கத்து வீட்டு நிஜாம், மற்ற நால்வரும் போன வருஷத்து ஆட்கள்தான். ஏழாவது பங்குக்குப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் கேட்டார். ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு நிஜாம் என்னைப் பார்த்து, "யாரு அக்கா அந்த ஆளு?" என்றான். நான் காளைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு ஒவ்வொரு வருஷமும் என் சார்பில் கத்திக்குப் பக்கத்தில் நின்றவன் நீ. இமாம் யாக்கூப் சீட்டைப் பார்த்து ஏழு பெயரையும் வாசிக்கும்போது உன் பெயரும் என் பெயரும் அடுத்தடுத்து வரும்.

உன் பெயரை எழுதட்டுமா? வேண்டாம் என்றால் பெருநாளுக்கு முன்னால் எழுது. கடிதம் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். சின்ன வயதிலிருந்தே நீ வாயைத் திறக்காமல்தானே சம்மதம் சொல்லியிருக்கிறாய்.

கம்ரூன்


நியூ நிக்கேரி
18 ஆகஸ்ட் 1985

அக்காவுக்கு,

நேற்று மாலை இங்கே பிறை தெரிந்தது. அங்கேயும் தெரிந்திருக்கும். இன்னும் ஒன்பது நாள்.

என் பெயரை எழுத வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் சரி என்று சொல்ல வாய் வந்தது. அந்தச் 'சரி'யை இரண்டு நாள் வைத்துப் பார்த்தேன். அது குர்பானி கொடுக்கச் சொன்ன 'சரி' இல்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்ற ஆசைப்பட்ட 'சரி'. இந்த மனசோடு நான் சேர்ந்தால் போன வருஷம் நீங்கள் சொன்னதேதான் திரும்பவும் நடக்கும்.

என் அனுமதி இல்லாமல் என் பெயரை வாசித்தால் மற்ற ஆறு பேருடையதும் கெட்டுப்போகும். உங்களுக்குத் தெரியாதது இல்லை. வாத்தியாரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சுக்ரீம் நாளை வருகிறானாம். அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

இந்தாஸ்


எழுபத்தொன்றாம் நம்பர் ஊர்
31 ஆகஸ்ட் 1985

தம்பி,

உன் கடிதம் நேற்றுக் காலைதான் என் கைக்கு வந்தது. 30ஆம் தேதி, வெள்ளிக்கிழமை. பெருநாள் செவ்வாய்க்கிழமை. அறுக்க இருக்கும் மூன்று நாளும் வியாழன் மாலை மக்ரிபோடு முடிந்துவிட்டன. சுக்ரீமின் என்ஜின் பழுதாகிப் படகை உங்கள் கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டானாம். உன் கடிதம் பத்து நாளுக்கு மேல் அவன் சட்டைப்பையில் இருந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டான். அவனை என்ன சொல்வது? கடிதம் வராவிட்டால் சம்மதம் என்று எழுதியது அவனா?

செவ்வாய்க்கிழமை காலை உன் பெயரை வாசித்தாயிற்று. என் பெயருக்கு அடுத்து. இமாம் வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு இமாம் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை படித்தார். "இத நான் பாக்காத மாதிரி இருந்துரலாம்னு தோணுது கம்ரூன். ஆனா நீ பாத்துட்டியே" என்றார். ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பங்குக்காரர்களை இருக்கச் சொன்னார். நான் பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கிக்கொண்டு நின்று சொன்னேன். தம்பி வேண்டாம் என்று எழுதியிருக்கிறான், எனக்குத் தெரியாமல் போயிற்று, அவனைக் கேட்காமல் பெயரைக் கொடுத்தது நான், உங்கள் குர்பானி கூடாமல் போயிருந்தால் அது என்னால். இவ்வளவுதான் சொன்னேன். போன வருஷம் நீ அந்த முற்றத்தில் எப்படி நின்றாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

பிறகு நிஜாம், "அப்ப நான் ஊரெல்லாம் பங்கு குடுத்துட்டு வந்தது வெறும் மாட்டுக்கறியா அக்கா?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டான்.

இமாம் ஒரு வழி சொன்னார். நீ கடிதம் எழுதியது 18ஆம் தேதி. அறுத்தது 27. நடுவில் உன் மனம் மாறி, அங்கே இருந்தபடியே நீ சம்மதித்திருந்தால் எல்லாருடையதும் கூடும் என்று அவர் நினைக்கிறார். "அத அவன்தான் சொல்லணும். குர்பானி நிய்யத்து வெச்சவன் பிறை கண்டதுலேர்ந்து நகம் வெட்ட மாட்டான், முடி வெட்ட மாட்டான். அதையும் கேட்டு எழுது" என்றார்.

நிஜாம் உடனே, "'ஆமா'ன்னு ஒரு வார்த்த எழுதச் சொல்லுங்க. அக்கரையில யாரு போய் நகத்தப் பாக்கப்போறா?" என்றான். இமாம் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

நாங்கள் ஆறு பேரும் உன் பதிலுக்காகக் காத்திருக்கிறோம். எனக்கு எந்தப் பதில் வேண்டும் என்று உனக்குத் தெரியும். அதை எழுதமாட்டேன். உன் மனதுக்குள் இருந்த நிய்யத்தைப் போன வருஷம் நானாகச் சொன்னேன். இந்த வருஷமும் நானாகச் சொன்னேன். இப்போதுதான் கேட்கிறேன்.

கம்ரூன்


நியூ நிக்கேரி
8 செப்டம்பர் 1985

அக்கா,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. சுக்ரீம் இரண்டு முறை வந்து, "பதில் இருக்கா?" என்று கேட்டான். இரண்டு முறையும் நாளைக்கு என்றேன். நான் இந்து, மாட்டுக்கறியைத்தான் படகில் ஏற்றமாட்டேன், காகிதத்தை ஏற்றுவேன், பயப்படாமல் எழுது என்று சொல்லிவிட்டுப் போனான்.

'ஆமாம்' என்று ஒரு தாளில் எழுதினேன். ஒரு வார்த்தைதான். அதை வகிமினிடம் காட்டினேன். என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். "இது உண்மையா?" என்றார். "தெரியல" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு மாவு பிசையப் போய்விட்டார்.

தெரியும்தான். எழுதுகிறேன். எல்லாருக்கும் வாசித்துக் காட்டு.

18ஆம் தேதிக்குப் பிறகு என் மனம் மாறவில்லை. 23ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் நகம் வெட்டினேன். மறந்துபோய் வெட்டவில்லை. பிறை கண்டு ஆறு நாள் ஆகிறது என்று தெரிந்தே, அந்த ஏழு பேரில் நான் இல்லை என்பதற்காகவே வெட்டினேன். பத்து விரலும். செவ்வாய்க்கிழமை காலையில் பெருநாள் தொழுகையை முடித்துவிட்டு வந்து மூட்டை ஏற்றினேன். நீங்கள் அறுக்கிற நேரத்தில் உங்கள் யாரையும் நான் நினைக்கவில்லை. மத்தியானம் ஆலையில் கோழிக்குழம்பு போட்டார்கள். அப்போதுதான் நினைத்தேன்.

இன்னொன்று. போன வருஷத்துக் கால். என் மனைவி ஸாபிரா கனடாவுக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. என் பாஸ்போர்ட் ஓர் அதிகாரியின் மேஜையில் கிடந்தது. பெருநாளைக்கு நல்ல கால் ஒன்று வரும் என்று அவருக்குச் சொல்லிவைத்திருந்தேன். பங்குக்கு என் பெயரைக் கொடுத்த அன்றே என் மனதில் அந்தக் கால்தான் இருந்தது. நீ சாக்கைப் பிடுங்கிக்கொண்டாய், பாஸ்போர்ட்டும் அதோடு போயிற்று. ஸாபிரா இப்போது எழுதுவதில்லை.

ஆக நீ சொன்னது சரி. சரி என்பதால்தான் என்னால் அங்கே இருக்க முடியவில்லை. பொய்ப் பழியாக இருந்தால் அன்றைக்கே நின்று சண்டை போட்டிருப்பேன்.

நிஜாமிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். இரண்டு வருஷமும் அவருடையது என்னால் கெட்டது.

இந்தாஸ்


எழுபத்தொன்றாம் நம்பர் ஊர்
15 செப்டம்பர் 1985

என் தம்பி,

வெள்ளிக்கிழமை வாசித்தேன். உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது, இரண்டு இடத்தில் தடுமாறினேன். எதையும் விடவில்லை. அதிகாரியின் விஷயம், பத்து விரல், கோழிக்குழம்பு, எல்லாம்.

இமாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், கூடவில்லை என்றால் நாள் போன பிறகு ஆளுக்கு ஓர் ஆட்டை உயிரோடு ஏழைக்குக் கொடுப்பதுதான் தனக்குத் தெரிந்த வழி என்றார். போன வருஷத்துக்கும் சேர்த்தா என்று ஒருவர் கேட்டார். "அது அவரவர் மனசக் கேட்டுக்குங்க" என்றார் இமாம். என் தவறு, எல்லா ஆட்டையும் நானே கொடுக்கிறேன் என்றேன். நிஜாம் எழுந்துவிட்டான். "ஒங்க ஆட்ட எடுத்து நான் அல்லாவுக்குக் குடுக்குறதா? நல்லா இருக்கே! எங்கிட்ட ஆடு இல்லையா அக்கா?"

நேற்று ஒவ்வொருவராக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். நிஜாம் இரண்டு ஆடு கொண்டுவந்தான். பள்ளிவாசல் வேலியில் கட்டிவைத்ததில் இமாமின் பயற்றங்கொடியைப் பாதி தின்றுவிட்டன. அவர் கத்தியதைப் பார்க்க வேண்டுமே. யாருக்குப் போகிறது என்று அவர்தான் முடிவு செய்தார். கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. கறி இல்லை, தோல் இல்லை, பாராட்ட யாரும் இல்லை. கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனோம்.

நானும் இரண்டு கொடுத்தேன். ஏன் இரண்டு என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் பெரிய காளை என்னுடையது. முதல் பெயர் என் பெயர். இமாம் வாசிக்கும்போது வேலிக்கு வெளியே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறேன். உன் சாக்கு எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. என்னுடையது தெரியவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். எத்தனை வருஷம் எத்தனை பேருடையதை நான் கெடுத்தேனோ.

ஊரில் உன் பேச்சுதான். தன் நிய்யத்தை இப்படி ஒளிக்காமல் சொன்ன ஆளைப் பார்த்ததில்லை என்கிறார் இமாம். நிஜாம் உன்னைத் தன் பெரிய வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கச் சொல்கிறான். வாத்தியார் உன்னைப் பார்க்க வேண்டுமாம். அறுவடைக்கு ஆள் வேண்டும். வா. 27ஆம் தேதி வெள்ளிக்கிழமை சுக்ரீம் படகில் இடம் சொல்லிவைத்திருக்கிறேன். நம் வீட்டு மேல் அறையைக் கழுவிவிட்டேன்.

கம்ரூன் அக்கா


நியூ நிக்கேரி
29 செப்டம்பர் 1985

அக்கா,

வெள்ளிக்கிழமை படகுத்துறைக்குப் போனேன். துணிப்பையும் கையில் இருந்தது. சுக்ரீம், "ஏறு தம்பி, மாப்பிள்ள மாதிரி வரவேற்கப்போறாங்க" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கத்தால் இல்லை. ஆசையால். அங்கே வந்து இறங்குவதையும், இமாம் என் கையைப் பிடித்துக்கொள்வதையும், நிஜாம் எல்லாருக்கும் என்னைக் காட்டுவதையும் முதல் நாளே நான் மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். எந்தச் சட்டை போடுவது என்று கூட யோசித்திருந்தேன்.

ஏறவில்லை.

இரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் என் மனதில் இருந்ததை இருந்தபடி சொன்னேன். அதற்குக் கூலி வாங்க வந்தால் அதுவும் சாக்கில் கட்டிய கால்தான். நீ கோபப்படுவாய். மேல் அறையைக் கழுவியிருக்கிறாய். ஆனால் பேச்சு ஓயட்டும். என்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றும் இல்லாமல் போகட்டும். அதற்குப் பிறகு ஒரு நாள் வருகிறேன். எப்போது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் தேதி எழுதவில்லை. எனக்காகப் படகில் இடம் சொல்லிவைக்காதே.

வகிமின் பரமாரிபோவில் இருக்கும் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முழங்கால் வலி, இனி வரமாட்டார். கொட்டகையில் நான் மட்டும். தொழும்போது முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லாதது முதல் இரண்டு நாள் சிரமமாக இருந்தது. தொழுகையை முடித்து ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவர் பாய் விரிக்கிற இடத்தில் சிமெண்ட் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இந்தாஸ்


எழுபத்தொன்றாம் நம்பர் ஊர்
6 அக்டோபர் 1985

இந்தாஸ்,

கோபம் வந்தது. அதனால் உடனே எழுதவில்லை. மூன்று நாள் சுக்ரீமோடு கூடப் பேசவில்லை, அவன் வாயால் கெட்டது என்று. பாவம், ஒரு கூடை மாம்பழம் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு ஓடிவிட்டான்.

நிஜாம் கேட்டான், எப்போது வருகிறாய் என்று. வரவில்லை என்றேன். "என்ன சொல்றீங்க? நாமதான் மன்னிச்சுட்டோமே" என்றான். அவனுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. எனக்கே நேற்றுதான் கொஞ்சம் பிடிபட்டது. மேல் அறையைப் பூட்டப் போனேன். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்காக இந்த அறையைக் கழுவினேன் என்று என்னைக் கேட்டுக்கொண்டேன். உனக்காக என்றுதான் முதலில் பதில் வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். நீ இல்லாத வீட்டில் இரண்டாவது தட்டை எடுத்து வைத்துவிட்டு உள்ளே வைக்கிறவள் நான். எனக்காகத்தான் கழுவியிருக்கிறேன்.

காளையைக் கொடுத்தபோது எனக்குக் கஷ்டமாக இல்லை, தம்பி. அடுத்த கன்று தொழுவத்தில் நின்றது. ஆட்டுக் கயிற்றை அவிழ்த்தபோதும் பெரிதாக ஒன்றும் இல்லை. நீ வரவேண்டாம் என்று எழுதுவதற்குத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று. எழுதிவிட்டேன். உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வா. தோன்றாவிட்டால் வராதே. வருஷத்தை எண்ண மாட்டேன் என்று சொல்லமாட்டேன், எண்ணுவேன். உன்னிடம் கேட்க மாட்டேன்.

ஒன்று மட்டும். கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதே. எழுதுவதற்கு முன் மனதைச் சோதித்துப் பார்த்துக்கொண்டு உட்காராதே. கோபத்தில் எழுது. என்னிடம் ஏதாவது வேண்டும் என்று எழுது. பொழுது போகவில்லை என்று எழுது. எந்த நிய்யத்தில் எழுதினாலும் எனக்குக் கூடும்.

கம்ரூன்